வழிகாட்டி தேவையில்லை

காட்டுமாடு ஒன்று முதுகைச் சொறிந்துகொள்ள மரம் தேடி வந்தது. சுற்றிலும் எத்தனையோ மரங்கள் இருக்க, அது சலேத் மேரியின் தோளில் வந்து சாய்ந்தது.

ஒரு டன் எடை. சலேத் பக்கத்திலிருந்த நாவல் மரத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள். அவள் அழைத்து வந்திருந்த ஆறு பயணிகளும் பத்தடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடு கரகரவென்று உடம்பைத் தேய்த்து, நிறைவாக ஒரு மூச்சு விட்டு, தன் போக்கில் நடந்தது.

“அக்கா, உங்கள மரம்னே நெனச்சிருச்சு!” என்றாள் கூட்டத்திலிருந்த ஒரு கல்லூரிப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். சலேத்தும் சிரித்தாள். ஆனால் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அந்த மாட்டைக் கவனித்தாள். பயணிகள் நின்ற இடம் வந்ததும் அது விலகி வளைந்து போயிற்று. குறுக்கே கிடக்கும் பாறையைச் சுற்றிப் போவது போல. அதுதான் வழக்கம். இந்த ஆறு வருடங்களில் எல்லா விலங்குகளும் அவளையும் அப்படித்தான் சுற்றிப் போயிருந்தன. ஒன்றும் இடித்ததில்லை.

மந்திமலை தேசியப் பூங்காவுக்கு முன்பெல்லாம் வந்தவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மூன்று மணி நேரம் குலுங்கி, ஒரு மானின் பின்புறத்தையும் நான்கைந்து மயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். யானை தென்பட்டால் அதிர்ஷ்டம். புலி வரவேற்பறைச் சுவரில் மட்டும்தான். அந்த நிலைமையை மாற்றியது ஒரு சொட்டு மருந்து. நாக்குக்கு அடியில் இரண்டு சொட்டு விட்டு இருபது நிமிடம் காத்திருந்தால், அடுத்த நான்கு மணி நேரத்துக்கு யானைக் கூட்டத்தின் நடுவிலேயே நடக்கலாம். கரடி கறையானைத் தோண்டுவதை அதன் தோளருகே குனிந்து பார்க்கலாம்.

“நாம அதுக கண்ணுக்குத் தெரியாமப் போயிருவோமாங்க?” என்று பயணிகள் கேட்பார்கள்.

“கண்ணுக்கு நல்லாத் தெரியுங்க,” என்பாள் சலேத். “ஆனா ‘இது மனுசன், உஷாரு’ன்னு அதுகளுக்குச் சொல்றது மூக்கு. இந்தச் சொட்டு உங்க வேர்வையில கலந்து, ‘இங்க ஒண்ணுமில்ல, உன் வேலையப் பாரு’ன்னு அதுக மூளைக்குச் சொல்லிரும். பாக்கும், ஆனா கவனிக்காது.”

இதை அவள் ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்வாள். இரண்டு முறை சொட்டும் விட்டுக்கொள்வாள்.

சலேத்துக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் உழைத்து அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயன் வீட்டில் அவளும் டப்பா என்ற நாயும் மட்டும்தான். காட்டுமாடு சாய்ந்த அந்த வாரத்தில்தான் டப்பாவின் போக்கு மாறத் தொடங்கியது. வாசலுக்கு ஓடி வருவதை விட்டுவிட்டது. சோறு வைத்தால் தின்றது. தின்றுவிட்டு, யார் வைத்தது என்று தேடுவது போல முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. சலேத் எதிரிலேயே குந்தியிருந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காது கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். ஒரு மாதம் அந்த ஆளில்லாத வீட்டைக் காத்துக் கிடந்துவிட்டு, டப்பா சாலையோர டீக்கடைக்குக் குடிபோய்விட்டது.

மாதாமாதம் இரத்தம் எடுக்க வரும் டாக்டர் நசீமாவிடம் அவள் இதைச் சொன்னாள். சொட்டை உருவாக்கிய குழுவில் இருந்தவர் நசீமா. நல்ல மனுஷி, வேலை அதிகம்.

“தினமும் எடுக்கறதால கொஞ்சம் உடம்புல தங்குது போல. லீவு நாள்லயும் உன் வேர்வையில இருக்கும்,” என்றார் நசீமா, தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே.

“மனுசங்களுக்கும் ஏதாவது ஆகுமா மேடம்?”

“மனுஷங்க மூக்க நம்பியா வாழறோம்? நமக்குக் கண்ணு, பேச்சு. ஒண்ணும் ஆகாது.”

எழுதி முடித்த நசீமா தாளைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அடுத்து சலேத் மேரி! வரச் சொல்லுங்க.”

சலேத் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள் கொஞ்சம் சத்தமாக. நசீமா திடுக்கிட்டு, “அட, சாரிம்மா, தூக்கமே இல்ல எனக்கு,” என்று சிரித்தார். தூக்கமில்லாமல்தான் என்று சலேத்தும் எடுத்துக்கொண்டாள். கேண்டீனில் பரிமாறுகிறவர் அவள் இலையைத் தாண்டிப் போவதையும், பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் நகர்வதையும் இதுபோல ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஒதுக்கி வைத்திருந்தாள். தனியாக வாழ்கிறவளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் உறைக்க நாளாகும்.

திருப்பூரிலிருந்து தங்கை பிலோமினா எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்த அன்றுதான் அவளுக்கு உண்மையில் பயம் வந்தது. பிலோமினா குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். குழந்தை சிறிது நேரம் கூரையைப் பார்த்தது. பிறகு அழ ஆரம்பித்தது. தெரியாத ஆளைக் கண்டு வீறிடும் அழுகையாக இருந்திருந்தால் சலேத் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது வேறு. எழுந்து பார்த்தால் வீட்டில் யாருமே இல்லை என்று தெரிந்த குழந்தை அழும் அழுகை அது. சலேத் அணைத்தாள், பாடினாள், முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். குழந்தையின் கண்கள் அவள் முகத்தின் மேல் வழுக்கிப் போய்க் கதவைத் தேடின.

ஈரத் தலையோடு ஓடி வந்த பிலோமினா, “பிள்ளைய இப்பிடித் தனியா விட்டுட்டு எங்கக்கா போன?” என்று கத்திக்கொண்டே குழந்தையை எடுத்தாள். அக்காவின் மடியிலிருந்துதான் எடுத்தாள்.

அன்றோடு சலேத் சொட்டை நிறுத்தினாள். நிறுத்துவதற்கு வசதியாக வேலையும் மாறியிருந்தது. பூங்காவை நடத்தும் நிறுவனம் புதிதாக ஒரு நுழைவுச்சீட்டைக் கொண்டுவந்தது. ‘வழிகாட்டி தேவையில்லை’ என்று அதன் மேல் பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. சொட்டு இருக்கும்போது கூட ஒரு ஆள் எதற்கு? பயணியின் கையில் ஒரு வரைபடம், ஒரு வாக்கி டாக்கி, அவசரத்துக்கு ஒரு குப்பிச் சொட்டு. மூன்றும் போதும். வழிகாட்டிகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். சலேத்தை மட்டும் கட்டுப்பாட்டு அறையில் வாக்கியில் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். அவள் அங்கே இருப்பதை, வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் மறந்துபோயிருக்கவும் கூடும்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வாக்கியில் பேசும்போது மனிதர்கள் அவள் சொல்வதைக் கேட்டார்கள், மறுபேச்சுப் பேசினார்கள், ஜோக்கடித்தார்கள். பகல் முழுக்கப் பேசிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனால், மறுநாள் காலைவரை யாரும் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. மூன்று மாதமாகியும் டப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பரஞ்சோதி என்பவர் தனியாக உள்ளே போனார். மதுரையில் லிப்ட் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது.

“கூட ஆள் வச்சுக்கிட்டா அவிங்க பேசிக்கிட்டே வருவாங்கம்மா,” என்றார் வாக்கியில். “நான் காலம்பூரா லிப்ட் குழிக்குள்ள தனியா வேலை பாத்தவன். சங்கிலி போடாத யானைய ஒரு தடவை தனியா நின்னு பாக்கணும். அம்புட்டுத்தான்.”

பத்தே முக்காலுக்கு அவர் குரல் மாறியிருந்தது.

“அம்மா, ஓடையில வழுக்கி விழுந்துட்டேன். கணுக்கால் மடங்கிருச்சு. எந்திரிக்க முடியல. அந்தக் குப்பியும் தண்ணியோட போச்சு.”

சலேத் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணிக்கு வேலை செய்யத் தொடங்கிய சொட்டு பதினொன்றுக்கு அடங்கும். “பக்கத்துல ஏதாச்சும் நிக்குதாங்க அண்ணே?”

“யானை நிக்குது. குட்டியோட. அதப் பாத்துக்கிட்டே வந்துதான் விழுந்தேன்.”

மீட்புக் குழு மலையின் மறுபக்கத்தில் இருந்தது. வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். சலேத் இரண்டு குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு, “நான் போறேன் சார்,” என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

அணைக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பின் பின்னால் ஏறிக்கொண்டாள். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. வழியெல்லாம் அவள் வாக்கியில் அவரோடு பேசிக்கொண்டே போனாள். பக்கத்துப் பாறைமேல் ஊர்ந்து ஏறச் சொன்னாள். ஏறினார். பதினொன்றே காலுக்கு அவர் குரல் தாழ்ந்தது.

“இம்புட்டு நேரம் நான் இல்லாத மாதிரியே நின்னுச்சும்மா. இப்ப மோப்பம் பிடிக்குது. என்னையத்தான் பாக்குது.”

“பேசாதீங்க. அசையாதீங்க. இதோ வந்துட்டேன்.”

பாறை ஆள் உயரம்தான். யானை நினைத்தால் துதிக்கையாலேயே அவரை இழுத்துப் போட்டுவிடலாம். குட்டியைப் பின்னால் ஒதுக்கி, காதுகளை விரித்து, மண்ணை உதைத்துக்கொண்டு நின்றது. சலேத் பின்பக்கமாகப் பாறைமேல் ஏறி அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். ஓடி வந்ததில் உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது.

“அண்ணே, நான் வந்துட்டேன். வாயத் திறங்க.”

பரஞ்சோதி திரும்பவில்லை. அவள் அவர் தோளைத் தொட்டாள். மேலே விழுந்த சருகைத் தட்டுவது போலக் கையைத் தட்டிவிட்டார். அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். பயந்து விரிந்த இரண்டு கண்கள் அவளைக் கடந்து யானையைப் பார்த்தன. அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. அந்த எட்டு மாதக் குழந்தையின் பார்வை. அதற்கும் முன்னால், நசீமாவின் பார்வை.

“அம்மா, எங்கம்மா இருக்கீங்க?” என்று அவர் வாக்கியை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தார். “சீக்கிரம் வாங்கம்மா.”

ஒரு முழம் தூரத்தில் குந்தியிருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன்னுடைய வாக்கியை எடுத்தாள். குப்பியைத் திறந்து அவர் கைக்குப் பக்கத்தில் பாறைமேல் வைத்தாள்.

“அண்ணே, உங்க வலது கைப் பக்கம் பாருங்க. ஒரு குப்பி இருக்கு. தெரியுதா?”

“தெரியுது! தெரியுதும்மா!”

“ரெண்டு சொட்டு. நாக்குக்கு அடியில. இருபது நிமிசம் தாக்குப்பிடிக்கணும்.”

அவர் செய்தார். வாக்கி சொன்னதையெல்லாம் செய்தார். ஆனால் யானைக்கு இருபது நிமிடம் பொறுமை இல்லை. அது ஓரடி முன்னால் வைத்தது. சலேத் பாறையிலிருந்து குதித்து யானைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று கையை விரித்துக் கத்தினாள்.

“போ தாயி! போ!”

சின்ன வயதில் லயன் வீட்டு வாசலுக்கு யானை வந்தால் எஸ்டேட் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று இப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் போய்விடும். மனுசப் பிறவி உள்ளே இருக்கிறது, தொந்தரவு வேண்டாம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இந்த யானைக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அவள் தொண்டை கிழியக் கத்தியும் அதன் காதுமடல்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த அடியையும் வைத்தது.

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். முப்பதடி ஓடி, தனியாக நின்ற இன்னொரு பாறையில் ஓங்கி அடித்தாள். டங்.

யானை திரும்பியது.

அவள் குரலுக்கு இல்லாத மதிப்பு கல்லின் சத்தத்துக்கு இருந்தது. அவள் மறுபடி அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். யானை பரஞ்சோதியை விட்டுவிட்டு அவளை நோக்கி வந்தது. கையெட்டும் தூரத்தில் நின்று துதிக்கையை நீட்டிப் பாறையைத் தடவியது, கல்லை முகர்ந்தது. அதன் சூடான மூச்சு அவள் முகத்தில் அடித்தது. கல் ஏறுவதையும் இறங்குவதையும் அந்தச் சின்னக் கண் தொடர்ந்தது. பிறகு கல்லுக்கு மேலே, அவள் இருக்கும் இடத்தில், யாரோ இருக்கவேண்டும் என்பது போலத் தேடியது. வலது கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி இடது கண்ணாலும் பார்த்தது. யாரும் இல்லை. சலேத்துக்குக் கை வலித்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது பயத்தினால் அல்ல. டப்பாவுக்குப் பிறகு ஒரு உயிர் அவளைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

தானாக அடித்துக்கொள்ளும் கல்லை அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க யானைக்குத் துணிவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து உறுமி, பின்னோக்கியே நகர்ந்து, குட்டியைத் தள்ளிக்கொண்டு மூங்கில் புதருக்குள் போய்விட்டது.

மீட்புக் குழு பன்னிரண்டு மணிக்கு வந்தது. பரஞ்சோதியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள், முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள், அணைக்கரை வரை சுமந்துபோய் ஜீப்பில் ஏற்றினார்கள். சலேத் பின்னால் ஏறுவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அவள் கத்திக் கூப்பிடவில்லை. மானும் மயிலும் மேய்ந்துகொண்டிருந்த பாதையில் தனியாக நடந்தே திரும்பினாள்.

சாயங்காலம் நசீமாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“சலேத், நீ மாசா மாசம் என்கிட்ட ரத்தம் குடுத்தியா?”

“ஆமா மேடம். எழுபது தடவைக்கு மேல இருக்கும்.”

“எனக்கு ரெண்டு தடவைதான் ஞாபகம் இருக்கு,” என்றார் நசீமா. “நாமளும் மிருகம்தாம்மா. அத நான் யோசிச்சிருக்கணும். வாசம்தான் மொதல்ல உள்ள போகுது, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். நீ பக்கத்துல வந்தா காத்து உன்ன அழிச்சிருது.”

“இது சரியாகுமா மேடம்?”

“தெரியல. பொய் சொல்ல மாட்டேன், தெரியல. நாளைக்கே எழுத்துல குடுக்கறேன், சொட்ட நிறுத்தச் சொல்றேன். நீ நேர்ல வராத. வந்தா நான் மறந்துருவேன். போன் பண்ணு. தினம் பண்ணு.”

மறுநாள் அவள் மலையடிவாரத்து மருத்துவமனைக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். குளிரூட்டிய அறை. கதவில் ஆளின் முகமும் தோளும் தெரியுமளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். உள்ளே பரஞ்சோதி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். நிறுவனத்தின் மேலாளர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சலேத் போய்ச் சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அப்ப காட்டுல உங்ககூட யாரும் இல்ல. சரிதானுங்களே?” என்றார் மேலாளர்.

“யாரும் இல்ல சார். வாக்கியில ஒரு அம்மா பேசுனாங்க, அவ்வளவுதான். வந்துட்டேன் வந்துட்டேன்னாங்க, பாவம், வர முடியல போல. குப்பி ஏதோ சாமி புண்ணியத்துல பாறை மேல கிடந்துச்சு.” அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். “அந்த அம்மாகிட்ட ஒரு தடவை பேசணும் சார். யாரு அவங்க?”

“விசாரிச்சுச் சொல்றோம்,” என்று தாளை மடித்துக்கொண்டு மேலாளர் எழுந்தார். போகும்போது அவர் முழங்கால் சலேத்தின் ஸ்டூலில் இடித்தது. ஸ்டூலை முறைத்துவிட்டுப் போனார்.

சலேத் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. நுழைவுச்சீட்டில் அவர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணை முந்தின நாளே அவள் குறித்து வைத்திருந்தாள். நடைபாதையில் கதவோரமாக நின்று அந்த எண்ணை அழுத்தினாள்.

“யாரு?”

“அண்ணே, நான்தான். வாக்கியில பேசுனேனே.”

“அம்மா!” அந்தக் குரல் கதவு வழியாகவும் போன் வழியாகவும் இரண்டு தடவை கேட்டது. “நல்லாருக்கீங்களாம்மா? உங்க குரல் மட்டும் இல்லன்னா எனக்கு அங்கயே நெஞ்சு வெடிச்சிருக்கும். பேரு என்னம்மா?”

“சலேத் மேரி.”

“சலேத். எந்த ஊரு உங்களுக்கு?”

அவள் சொன்னாள். எஸ்டேட்டைச் சொன்னாள், தங்கையைச் சொன்னாள், நாயைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இடையிடையே மதுரையையும் லிப்ட் குழிகளையும் சொன்னார். பேசிக்கொண்டே ஒரு சமயம் அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அவர் போனைக் காதில் வைத்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு நிமிசம்,” என்றார். “கதவுக்கு வெளிய ஒரு பொம்பள ஆளு நிக்கிறாங்க. பச்சைச் சேலை. அவங்களும் போன் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க...”

சலேத் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். நடைபாதை காலியாக இருந்தது.

“நீங்களாம்மா அது?”

மூடிய கதவு. காற்று வராத கண்ணாடி. அவள் மெல்லக் கையைத் தூக்கினாள். உள்ளே அவரும் கையைத் தூக்கினார், அவளுடைய முகத்தைப் பார்த்து, நேராக, சிரித்துக்கொண்டே.

“ஏம்மா வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

அவள் கை கதவுப்பிடிமேல் போயிற்று. பிடி சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே பற்றிக்கொண்டு நின்றாள்.

“இருக்கட்டும் அண்ணே,” என்றாள். “இங்கருந்தே பேசுறேன்.”

“அட, ஏம்மா?”

“இங்கருந்துதான் நல்லாத் தெரியுது.”

அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கதவுப்பிடியை விட்டுவிட்டு முந்தானையால் அதைத் துடைத்தாள். அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.